வீராணம் கரையிலிருந்து மெரினா வரை: முதல் முறை சென்னை போகிறவர்கள் கவனத்துக்கு

லால்பேட்டைக்குப் பக்கத்தில், வீராணம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு கிராமம். அங்கே 2 ஏக்கர் நெல்லும் அரை ஏக்கர் கத்தரியும் வைத்திருக்கும் விவசாயிக்கு வயது 52. சிதம்பரம், கடலூர், சம்பந்தி வீட்டு விசேஷத்துக்காக ஒருமுறை திருச்சி. அதற்கு மேல் அவர் போனதில்லை. போன ஆடி மாதம் சென்னைக்குப் போகவேண்டி வந்தது. மனைவிக்கு இதய வால்வில் கோளாறு என்று சிதம்பரத்தில் பார்த்த டாக்டர் சொல்லி, சென்னை அரசு பொது மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

நோயைவிட ஊரைப் பற்றித்தான் அந்த அம்மாவுக்குப் பயம். "ஏங்க, மெட்ராசுல நம்மள யாருக்குத் தெரியும்?" என்று நாலு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிந்தவர் என்று சொன்னால் அக்கா மகன் ஒருவன்தான். போரூரில் தங்கி ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். அவனுக்கும் லீவு கிடைக்கவில்லை. "முதல் நாள் நீங்களே வந்துடுங்க சித்தி, சாயந்திரம் நான் வந்து கூட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டான்.

புறப்படுவதற்கு முன் அவர்கள் செய்த ஒரு காரியம் பின்னால் பெரிய உதவியாக இருந்தது. கிராம நிர்வாக அலுவலகத்தில் இருந்தவர் ஒருவர் சொன்னபடி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, ரேஷன் கார்டு, இருவரின் ஆதார், சிதம்பரத்து டாக்டர் சீட்டு, எக்கோ, ஈ.சி.ஜி. தாள்கள் எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று நகல் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார்கள். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றிதழும் ரேஷன் கார்டும் எடுத்துப்போய் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டு கிளம்புவதுதான் சரி. சென்னைக்குப் போன பிறகு ஒரு தாளுக்காக ஊருக்குத் திரும்பி வருவதென்றால் இரண்டு நாளும் இரண்டு டிக்கெட்டும் போய்விடும்.

பணத்தை மூன்றாகப் பிரித்தார்கள். கொஞ்சம் அவர் சட்டையின் உள்பையில், கொஞ்சம் அம்மாவின் சுருக்குப் பையில், மீதி வங்கிக் கணக்கில். அக்கா மகன் நம்பரை ஒரு துண்டு அட்டையில் எழுதி இருவரும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள். செல்போனில்தான் இருக்கிறதே என்று பலரும் இதைச் செய்வதில்லை. ராத்திரி முழுக்கப் பேருந்தில் பாட்டுக் கேட்டுவிட்டு, விடியும்போது சார்ஜ் இல்லாமல் நிற்கிறவர்களைச் சென்னைப் பேருந்து நிலையத்தில் தினமும் பார்க்கலாம்.

ராத்திரி ஏறிய பேருந்து விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டது. தெற்கேயிருந்து வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு, தென் மாவட்டத்துப் பேருந்துகள் பழையபடி கோயம்பேடு வரை போவதில்லை. கிளாம்பாக்கம் வண்டலூரை அடுத்து இருக்கிறது. அங்கிருந்து நகரத்தின் நடுப்பகுதி இன்னும் 30 கிலோமீட்டர். "மெட்ராஸ் வந்துடுச்சு" என்று நினைத்து ஆட்டோவில் ஏறினால், ஊரிலிருந்து வந்த பேருந்துக் கட்டணத்தைவிட ஆட்டோக் கட்டணம் கூடிப்போகும். நிலையத்துக்குள்ளேயே மாநகரப் பேருந்துகள் நிற்கும் இடம் தனியாக இருக்கிறது. அங்கே போய்த்தான் ஏறவேண்டும்.

அவர்கள் மாநகரப் பேருந்தில் தாம்பரம் போய், அங்கிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலைப் பிடித்தார்கள். பூங்கா நிலையத்தில் இறங்கினால் எதிரே சென்ட்ரல், பக்கத்திலேயே அரசு பொது மருத்துவமனை. மெட்ரோ ரயிலில் வருகிறவர்களுக்கும் சென்ட்ரல் நிலையத்திலிருந்து சுரங்கப்பாதை இருக்கிறது. சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்கவேண்டியதில்லை, கடக்கவும் கூடாது. அது பூந்தமல்லி நெடுஞ்சாலை.

மின்சார ரயிலில் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது முதல் வகுப்புப் பெட்டியில்தான். பார்ப்பதற்கு மற்ற பெட்டி மாதிரியே இருக்கும், கூட்டம் மட்டும் குறைவு. "இங்க எடம் இருக்கு" என்று ஏறி உட்கார்ந்தால் டிக்கெட் பரிசோதகர் வந்து அபராதம் போட்டுவிடுவார். பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறவேண்டும். பெண்களுக்குத் தனிப்பெட்டி உண்டு. ஆனால் வழி தெரியாத இருவர் ஆளுக்கொரு பெட்டியில் ஏறுவது ஆபத்து. ஒருவர் இறங்கி, ஒருவர் இறங்காமல் போய்விட்டால் அன்றைய பொழுது தேடுவதிலேயே கழியும். காலை 8 மணியிலிருந்து 10 மணி வரை நோயாளியை அழைத்துக்கொண்டு அந்த ரயிலில் ஏறவே வேண்டாம்.

மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து இப்படி. முன்னும் பின்னும் இளஞ்சிவப்புச் சாயம் அடித்திருக்கும், அடையாளம் தெரியும். சொகுசுப் பேருந்திலும் ஏ.சி. பேருந்திலும் டிக்கெட் எடுக்கவேண்டும். இன்னொன்று, வண்டி எண்ணை முழுதாகப் படிக்கவேண்டும். ஒரே எண்ணுக்குப் பின்னால் உள்ள எழுத்து மாறினால் போகும் வழியே மாறிவிடும். நம் ஊரில் நெல் ரகத்துக்குப் பின்னால் வரும் எண் மாறினால் வயது மாறிவிடுகிறதே, அதுபோலத்தான்.

சென்னைக்காரர்கள் இடங்களுக்குச் சொல்லும் பெயர் வேறு, பலகையில் எழுதியிருக்கும் பெயர் வேறு. மவுண்ட் ரோடு என்பார்கள், பலகையில் அண்ணா சாலை. பூந்தமல்லி நெடுஞ்சாலை பலகையில் ஈ.வெ.ரா. பெரியார் சாலை. கடற்கரைச் சாலைக்குக் காமராஜர் சாலை என்று பெயர். ஐஸ் ஹவுஸ் என்றால் விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளை 19-ஆம் நூற்றாண்டில் அங்கே சேமித்து வைத்தார்கள், அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. ஜி.எச். என்றால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. எழும்பூரையும் சென்ட்ரலையும் குழப்பிக்கொண்டு ரயிலைத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர். விழுப்புரம், திருச்சி, மதுரை பக்கம் போகும் ரயில்கள் பெரும்பாலும் எழும்பூரிலிருந்து புறப்படும். சேலம், ஈரோடு, கோவை பக்கம் போகிறவை சென்ட்ரலிலிருந்து. சில தாம்பரத்திலிருந்தே கிளம்புகின்றன. டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

அன்று காலை பூங்கா நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் நின்றபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தானாக வந்து பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், யாருக்கு உடம்புக்கு என்று விசாரித்தார். "உள்ள வரிசை பெருசு. ஐந்நூறு குடுங்க, நேரா டாக்டர்கிட்ட கொண்டு விடறேன்" என்றார். விவசாயி டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு, "வேண்டாம் தம்பி, எங்க மாப்பிள்ளை உள்ளதான் வேலை பாக்கறாரு" என்றார். அப்படி ஒரு மாப்பிள்ளை கிடையாது. ஆனால் அந்த ஆள் உடனே நகர்ந்துவிட்டார். பெரிய மருத்துவமனை வாசலில் எந்த நகரமானாலும் இப்படி ஒருவர் நிற்பார். உள்ளே வெளிநோயாளிச் சீட்டு கொடுக்கும் இடம், விசாரணை மேசை, காவலர் எல்லாம் இருக்கும்போது வாசலில் நிற்பவரிடம் பணம் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

வரிசை பெரிதுதான், அதில் பொய்யில்லை. வெளிநோயாளிகளைப் பார்ப்பது காலையில் என்பதால் விடிந்ததும் போய் நிற்பவர்களுக்கு வேலை சீக்கிரம் முடியும். சில ரத்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறாக இருக்கவேண்டும் என்பதால், டாக்டரைப் பார்க்கும் வரை நோயாளி சாப்பிடலாமா என்று ஊரிலேயே கேட்டுக்கொண்டு வருவது நல்லது. தினம் சாப்பிடும் மாத்திரையையும் நிறுத்தலாமா என்று கேட்டுவிடவேண்டும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வரிசையில் நின்று மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

காப்பீட்டுப் பிரிவில் ஒரு சிக்கல் வந்தது. அட்டையில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஓர் எழுத்து வேறு மாதிரி. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிளாஸ்டிக் உறையிலிருந்து ரேஷன் கார்டு நகலை எடுத்துக் கொடுத்ததும் ஒத்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். ஓர் எழுத்துத்தானே என்று இருக்கக்கூடாது. பட்டாவிலும் வங்கிப் புத்தகத்திலும் பயிர்க் காப்பீட்டிலும் இந்த ஓர் எழுத்து எத்தனை பேரை அலைய வைத்திருக்கிறது என்பது விவசாயிகளுக்குத் தெரியும்.

அன்று எக்கோ மறுபடி எடுத்தார்கள். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். அதுவரை போரூரில் அக்கா மகன் அறையில் தங்கல். இப்படி உறவு இல்லாதவர்கள் மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கலாம். நோயாளியோடு வந்தவர்கள் தங்க மாநகராட்சி நடத்தும் காப்பகங்கள் சில அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. சாப்பாட்டுக்கு அம்மா உணவகம். 2013-இல் ஆரம்பித்தபோது வைத்த விலை, இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மற்ற ஓட்டல்களில் விலைப் பலகையைப் பார்த்துவிட்டு உட்காரவேண்டும். சாப்பிட்ட பிறகு பார்ப்பதில் பயனில்லை.

போரூர் அறையில் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் அக்கா மகன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சித்தப்பா, இது உங்க ஊர்த் தண்ணிதான்."

அவன் சொன்னது விளையாட்டில்லை. பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. சேத்தியாத்தோப்பில் இறைத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, பண்ருட்டி, திண்டிவனம் வழியாகச் சுமார் 230 கிலோமீட்டர் ஓடி வந்து போரூரில் சேருகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளும், 1996 முதல் வரும் கிருஷ்ணா நதிநீரும், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் இருந்தும், 2019 கோடையில் அந்த ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரவேண்டியிருந்தது. ஏரியில் தண்ணீர் குறைகிற வருஷம் கடைமடை வாய்க்காலைப் பார்த்துக் காத்திருக்கும் விவசாயிக்கு இந்தக் குழாய் கோபத்தைத் தரும். அது நியாயமான கோபம்தான். அவர் குழாயை இறுக்கி மூடினார். சொட்டிக்கொண்டிருந்த பக்கெட் குழாயையும் மூடினார். "ஒழுவுது பாரு, ஒரு வாசர் வாங்கிப் போடுடா தம்பி" என்றார்.

இடையில் கிடைத்த ஒரு ராத்திரியில் கோயம்பேடு பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. தன் கத்தரிக்காய் சிதம்பரத்தில் விற்கும் விலைக்கும், போரூர்க் கடையில் எழுதிப் போட்டிருந்த விலைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் வரவில்லை. கொத்தவால் சாவடியில் நெருக்கடி தாங்காமல் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றிய சந்தை அது. காய்க்கு, பழத்துக்கு, பூவுக்குத் தனித்தனிப் பகுதி. பகலில் போனால் ஒன்றும் தெரியாது. நடுராத்திரி தாண்டி லாரிகள் வரத் தொடங்கி, விடிவதற்குள் மொத்த வியாபாரம் பெரும்பகுதி முடிந்துவிடும். மெட்ரோ ஓடத் தொடங்குவதே காலை 5 மணிக்குத்தான். அக்கா மகனின் பைக்கில் 3 மணிக்குப் போனார்கள்.

கோலார், மதனப்பள்ளி தக்காளி, மகாராஷ்டிர வெங்காயம், ஊட்டி கேரட் எல்லாம் மலையாகக் கிடந்தன. அவர் கத்தரிக்காய் இருக்கும் பக்கமே நின்றார். ஒரு மணி நேரம் நின்று பார்த்ததில் சில விஷயங்கள் புரிந்தன. ஒரே அளவு, ஒரே நிறம், பளபளப்பு, காம்பு பச்சையாக இருப்பது, இதற்கெல்லாம் தனி விலை. பெரிதும் சிறிதும் கலந்த மூட்டைக்கு அதில் உள்ள மட்டமான காயின் விலைதான். கோணிச் சாக்கில் அமுங்கி வந்ததற்கும் பிளாஸ்டிக் கிரேட்டில் வந்ததற்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. முதலில் வந்த லாரிக்கு ஒரு விலை. வரத்து கூடியதும் அதே காய் அரை மணி நேரத்தில் இறங்கியது.

ஒரு மண்டியில் தயங்கித் தயங்கி விசாரித்தார். கேட்கவேண்டியதைக் கேட்டார் என்றுதான் சொல்லவேண்டும். கமிஷன் எத்தனை சதவீதம், இறக்குக் கூலி யார் கணக்கில், எடையில் கழிவு உண்டா, சிட்டை கையில் கொடுப்பீர்களா, பணம் அன்றைக்கா அடுத்த வாரமா? இந்த ஐந்துக்கும் பதில் தெரியாமல் ஒரு மூட்டைகூட ஏற்றக்கூடாது. வெளியே வந்து வண்டி வாடகையைக் கூட்டிப் பார்த்தார். அரை ஏக்கரில் ஒரு பறிப்புக்கு வரும் 250, 300 கிலோவைத் தனியாகக் கொண்டுவந்தால் வாடகையே விலையைத் தின்றுவிடும். கரையோரத்தில் கத்தரி வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் ஒரே நாளில் பறித்து, தரம் பிரித்து, ஒரே வண்டியில் ஏற்றினால் மட்டுமே கணக்கு நிற்கும். கோயம்பேட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் மறுவாரமே லாரி பிடிக்கக் கிளம்புவார்கள். அவர் கிளம்பவில்லை. தரம் பிரிப்பதை மட்டும் சிதம்பரம் சந்தைக்கே செய்து பார்ப்பது என்று முடிவு செய்தார். நல்ல முடிவு.

மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தின சாயந்திரம் அந்த அம்மா வாய் திறந்து ஒன்றே ஒன்று கேட்டார். "கடலப் பாத்துட்டுப் போவலாமாங்க?" ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற நினைப்பில் கேட்டது அது.

கடற்கரை ஊரின் வெயில் உள்ளூர் வெயில் மாதிரி இல்லை. வியர்வை வழியும், உலராது. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வெப்பமானி காட்டுவதைவிட உடம்புக்குக் கூடுதலாகத் தெரியும். மதியவாக்கில் கடல் காற்று உள்ளே வந்துவிட்டால் தப்பித்தோம். அது தாமதமாகும் நாளில் புழுக்கம் ஆளை அடித்துப்போடும். இதய நோயாளியை 4 மணிக்கு முன் வெளியே அழைத்துப் போகக்கூடாது. ஆடி, ஆவணியில் சாயந்திரம் திடீரென்று இடிமழை வருவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வைத்தியம் தள்ளிப்போடக்கூடியதாக இருந்தால் சென்னைப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. வருஷ மழையில் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் பெய்கிறது. சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றுவிடும். 2015-இல் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும்.

மெரினாவில் சாலையிலிருந்து தண்ணீருக்குப் போக நீண்ட தூரம் மணலில் நடக்கவேண்டும். மூச்சு வாங்குகிறவர்களால் முடியாது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-இல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். அதில் மெதுவாக நடந்து, நடுவில் இரண்டு முறை நின்று, அந்த அம்மா அலைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

இந்த மணல் வந்த கதை ஒரு விவசாயிக்குச் சட்டென்று புரியும். இங்கே வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்காகக் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். ஓடும் வாய்க்காலின் குறுக்கே வரப்பு போட்டால் மேல்பக்கம் வண்டல் ஒதுங்கும், கீழ்ப்பக்கம் அரிக்கும். அதேதான் நடந்தது. தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையைத் தின்றது. இன்றும் அங்கே பாறாங்கல் கொட்டித்தான் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

மெரினாவில் குளிக்கக்கூடாது. போலீஸ் தடை இருக்கிறது என்பதற்காக மட்டுமல்ல. தரை சட்டென்று இறங்குகிறது. திரும்பும் அலை காலுக்கடியில் உள்ள மணலையும் சேர்த்து இழுக்கிறது. முழங்கால் தண்ணீரில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர் அடுத்த அலையில் இடுப்பளவில் நிற்பார். ஏரியில் நீந்திப் பழகியவர்கள் தைரியமாக இறங்குகிறார்கள். அவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஏரித் தண்ணீர் ஆளை இழுப்பதில்லை. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் கையை விடவே கூடாது. கூட்டத்தில் தொலைந்தால் எங்கே வந்து நிற்கவேண்டும் என்று ஓர் அடையாளத்தை, கண்ணகி சிலை, கலங்கரை விளக்கம் என்று ஏதாவது ஒன்றை, முதலிலேயே சொல்லிவைக்கவேண்டும்.

அந்த அம்மா பாதம் நனைய நின்றார், அவ்வளவுதான். கணவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம கிள்ளைக் கடல் மாதிரிதாங்க இருக்கு. மாசி மகத்துக் கூட்டம் இங்க தெனமும் இருக்குது" என்றார். சுண்டல் வாங்கித் தின்றார்கள்.

மறுநாள் டாக்டர் வால்வு மாற்றவேண்டும் என்று சொன்னார். காப்பீட்டில் அனுமதி வாங்கவேண்டியதை எல்லாம் விளக்கி, புரட்டாசி முதல் வாரத்தில் வந்து சேர்ந்துவிடச் சொல்லித் தேதி எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டையும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு, கிளாம்பாக்கத்தில் ராத்திரிப் பேருந்து ஏறினார்கள். இந்த முறை வழி யாரிடமும் கேட்கவில்லை.

பேருந்து திண்டிவனம் தாண்டியபோது அந்த அம்மா கணக்குப் போட்டார். ஆவணியில் நாற்று விட்டால் புரட்டாசி முதல் வாரம் சரியாக நடவு வரும். "நடவ முடிச்சிட்டுப் போவலாங்க. டாக்டர்கிட்ட சொல்லி ஒரு பத்து நாள் தள்ளி வாங்கலாம்."

"நாத்தே விடப்போறதில்ல" என்றார் அவர். "ஆவணியில நேரடி விதைப்பு போட்டுடறேன். களை வரும், வரட்டும். அத தம்பி பாத்துக்குவான். தேதிய மாத்தறதில்ல."